சென்னையின் எஃப்சி: அணி கீழே கிடக்கும்போது ஸ்டாண்டை எப்படி ஓட்டுறது? (வேலை இழை, புலம்பல் வேற இழையில)

#1 நீலக்கொடி_பெரியமேடு

புலம்புறதுக்குத் தனி இழை இருக்கு, அது நல்லாவே ஓடுது. இங்க வேலைப் பேச்சு மட்டும்.

ஐஎஸ்எல்ல (இந்தியன் சூப்பர் லீக் கால்பந்து) 2015ல கோப்பை, 2017-18ல கோப்பை, 2019-20ல ஃபைனல். அதுக்கப்புறம் அட்டவணையில 8, 8, 8, 6, 11. 2025 ஜூலை 11 அன்னிக்கு லீக்கையே நிறுத்தி வெச்சாங்க. ஆகஸ்ட்ல நம்ம கிளப் முதல் அணியோட செயல்பாட்டை நிறுத்துச்சு. அப்புறம் 14 அணி, ஒரே சுற்று, மொத்தம் 91 ஆட்டம்னு சுருக்கி 2026 பிப்ரவரி 14ல ஆரம்பிச்சாங்க. ஒரு அணிக்கு 13 ஆட்டம்தான். அதுலயும் பாதி வெளியூர்.

ஸ்டாண்டுக்கு (நாம சேர்ந்து நின்னு பாடுற ரசிகர் பகுதிக்கு) ஆள் குறைஞ்சது எல்லாருக்கும் தெரியும். இருக்கிற ஆளை வெச்சு என்ன பண்ணலாம்னு தெரிஞ்சவங்க எழுதுங்க. டிஃபோ (ஸ்டாண்டுல தூக்கிப் பிடிக்கிற பெரிய படத்துணி), மேளம், காசு, வெளியூர்ப் பயணம், எதிர்ப்பு, எதுவா இருந்தாலும் அளவோட, கணக்கோட எழுதுங்க. "கெத்தா பண்ணணும் மச்சி" மாதிரிப் பதிவைத் தூக்கிடுவேன்.

#2 வியாசை_விங்கர்

முதல்ல நோய் என்னன்னு பாக்கணும். நம்ம அணி விழுந்து எழுந்தது புதுசு இல்ல. 2015ல பாதி சீசனைத் தாண்டியும் அடியில கிடந்தாங்க. கடைசி நாலு லீக் ஆட்டத்தையும் ஜெயிச்சு உள்ள வந்தாங்க. வெள்ளத்தால செமி ஃபைனல் முதல் ஆட்டம் புனேவுக்குப் போச்சு, அங்க கொல்கத்தாவை 3-0. ஃபைனல்ல கோவாவை 3-2, மெண்டோசா இஞ்சுரி நேரக் கோல். அடுத்த வருஷமே 8 அணியில 7வது.

2018 மார்ச்ல பெங்களூரு மண்ணுலயே 3-2ன்னு கப்பு. அதுக்கு அடுத்த சீசன் 18 ஆட்டத்துல வெறும் 9 புள்ளி, கடைசி இடம். 2019-20ல கோச்சு கிரெகரி போய் டிசம்பர்ல ஓவன் கோய்ல் வந்தார், அதே அணி ஃபைனல் வரைக்கும் போச்சு. அந்த ஃபைனல் கொரோனாவால ஆளில்லா மைதானத்துல நடந்ததுங்கிற வயித்தெரிச்சல் தனி.

அப்பல்லாம் ஒரு சீசன் சறுக்கல், உடனே ஒரு ஏற்றம். இப்போ நடக்கிறது வேற. இந்த மூணு வரியைப் பாருங்க:

2022-23: 20 ஆட்டம், 27 புள்ளி, 8வது.
2023-24: 22 ஆட்டம், 27 புள்ளி, 6வது, பிளேஆஃப்.
2024-25: 24 ஆட்டம், 27 புள்ளி, 11வது.

மூணு வருஷமும் அதே 27. ஆட்டம் மட்டும் கூடிக்கிட்டே போகுது. ஆட்டத்துக்கு 1.35, அப்புறம் 1.23, அப்புறம் 1.13. 6வது வந்த வருஷத்தை முன்னேற்றம்னு கொண்டாடினோம் பாருங்க, அது முன்னேற்றமே இல்ல. அந்த வருஷம் நடு அட்டவணை மெலிஞ்சு கிடந்தது, அவ்வளவுதான். இதே வேகத்துல 13 ஆட்டம்னா 14, 15 புள்ளி வரும். அதை மனசுல வெச்சுக்கிட்டு ஸ்டாண்டுக்கு வந்தா மூணாவது ஆட்டத்துலயே கொடியைச் சுருட்ட வேண்டியிருக்காது.

#3 கோல்போஸ்ட்_குமாரு

27 கணக்கு செம. ஆனா காரணம்? கோச்சு மாத்தறதுதானே?

#4 வியாசை_விங்கர்

கோச்சு மாத்தினதும் உண்டு. 2020க்கு அப்புறம் லாஸ்லோ, பாண்டோவிச், 2022 பிப்ரவரில அவரை அனுப்பினதும் இடைக்கால சபீர் பாஷா, அப்புறம் பிர்டாரிச், திரும்பவும் கோய்ல், 2025ல கிளிஃபர்ட் மிராண்டா. ஒவ்வொருத்தருக்கும் ஒரு ஃபார்மேஷன், ஒரு ஷாப்பிங் லிஸ்ட்.

அதைவிடப் பெரிய ஓட்டை இந்திய வீரர்களைத் தக்கவெக்காதது. ஐஎஸ்எல்ல 2021-22லேர்ந்து களத்துல வெளிநாட்டு ஆள் நாலு பேர்தான். மீதி ஏழு இந்தியர். அந்த ஏழுதான் அணியோட முதுகெலும்பு, ஏன்னா வெளிநாட்டு ஆள் ஒரு வருஷம், ரெண்டு வருஷத்துல கிளம்பிடுவான். நம்ம கிட்ட இருந்து 2022 ஜனவரில சாங்டே மும்பைக்கு, அதே வருஷம் கோல்கீப்பர் விஷால் கைத் மோகன் பகானுக்கு, 2023ல அனிருத் தாபாவும் அங்கயே. போன இடத்துல என்ன ஆச்சுன்னு சொல்லவே வேணாம். 2024-25ல மோகன் பகான் ஷீல்டு (லீக் அட்டவணை முதலிடம்), கோப்பை ரெண்டையும் எடுத்தபோது கோல்ல நின்னது யாரு?

அதனால டிரான்ஸ்ஃபர் நேரத்துல வெளிநாட்டு ஸ்ட்ரைக்கர் பேருக்கு விசில் அடிக்கிறதுக்கு முன்னாடி, 21-25 வயசு இந்திய வீரர்ல யாருக்கு ஒப்பந்தம் அடுத்த மே மாசம் முடியுதுன்னு ஒரு பட்டியல் போட்டு வெச்சுக்குங்க. கிளப் அறிவிப்புலயே எந்த வருஷம் வரைக்கும்னு போட்டிருப்பாங்க. கடைசி ஆறு மாசத்துல வீரர் வேற கிளப்போட பேசலாம், முன்-ஒப்பந்தம் போடலாம், நமக்குப் பைசா வராது. கேள்வி கேக்கிறதா இருந்தா அதுக்கு முந்தின டிரான்ஸ்ஃபர் விண்டோவுல கேக்கணும். போனதுக்கு அப்புறம் "துரோகி"ன்னு எழுதி என்ன புண்ணியம்.

#5 புதுசா_வந்தவன்

ஒரு நேரடிக் கேள்வி. டிக்கெட் வாங்காம இருந்தாதானே ஓனருக்கு உறைக்கும்? நாம போய்ப் போய் உக்காந்தா அவங்களுக்கு எல்லாம் சரியாத்தானே தெரியும்?

#6 எழும்பூர்_வாத்தியார்

தம்பி, கேள்வி நியாயமானது. ஆனால் எந்தக் கிளப், எந்த வருமானம் என்று பார்த்துத்தான் புறக்கணிப்பு வேலை செய்யும்.

ஐஎஸ்எல் கிளப்புகளில் பெரும்பாலானவை உரிமையாளர் போடும் பணத்திலும் விளம்பரதாரர் பணத்திலும் ஓடுகின்றன. கேட் வசூல் சின்னப் பங்கு. அதை நிறுத்தினால் உரிமையாளருக்குப் பெரிதாக வலிக்காது. விளம்பரதாரர் தொலைக்காட்சியில் காலி இருக்கையைப் பார்ப்பார், அது வலிக்கும். ஆனால் அந்த வலியில் உரிமையாளர் எடுக்கக்கூடிய முடிவு இரண்டு: அணியைப் பலப்படுத்துவது, அல்லது கடையை மூடுவது. இரண்டாவதும் நடக்கும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். சென்னை சிட்டி எஃப்சி 2018-19இல் கோயம்புத்தூரில் ஆடி, இன்னொரு தேசிய லீக்கான ஐ-லீக்கையே வென்ற அணி. சில வருடத்தில் தேசிய லீக்கில் அந்தப் பெயரே இல்லை. கோப்பை வென்ற கிளப் என்பது ஒரு பாதுகாப்பும் தராது.

2025இல் நின்றது நம் கிளப்பின் தவறால் மட்டும் அல்ல. கால்பந்துச் சம்மேளனமும் லீக்கை நடத்திய நிறுவனத்தின் தரப்பும் 2010இல் போட்ட 15 ஆண்டு, 700 கோடி ரூபாய் உரிமை ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8இல் முடிந்தது. புதுப்பிக்கப்படுமா என்று தெரியாத நிலையில் எந்தக் கிளப்பும் வீரருக்கும் விளம்பரதாரருக்கும் வாக்குக் கொடுக்க முடியாமல் போனது. இந்த இடத்தில் டிக்கெட் புறக்கணிப்பால் யாரை எதிர்க்கிறோம்?

இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் 2008இல் எஃப்ஏ கோப்பை வென்றது. 2010இல் திவால் நிர்வாகத்துக்குள் போனது, 2013இல் நாலாவது அடுக்குக்கு இறங்கியது. அந்த வருடம் ரசிகர் அறக்கட்டளை, தலா ஆயிரம் பவுண்டு பங்காகப் பணம் திரட்டி, கிளப்பையே வாங்கியது. 2017இல் லீக் டூ சாம்பியன் ஆக்கிவிட்டுத்தான் கைமாற்றியது. அதைப் பார்த்து நம் ஆட்கள் சிலர் "நாமும் வாங்குவோம்" என்கிறார்கள். அங்கே கிளப் ஏலத்துக்கு வந்த சூழல் வேறு. இங்கே கிளப் ஒரு தனியார் கம்பெனி. பங்கு நம் கைக்கு வராது. நமக்கு இருக்கிற பிடி, ஸ்டாண்டும் குரலும்தான்.

#7 கோல்போஸ்ட்_குமாரு

சார், அப்போ கொச்சில மஞ்சப்படை (கேரளா பிளாஸ்டர்ஸ் ரசிகர் குழு) 2024-25ல நிர்வாகத்தை எதிர்த்து வெளிப்படையாவே இறங்கினாங்களே? அது தப்பா?

#8 வியாசை_விங்கர்

தப்பே இல்ல. ஆனா அவங்க ஸ்டாண்டுல பல்லாயிரம் பேர் நிக்கிறாங்க. அவங்க அமைதியானா அது செய்தி. நம்ம ஸ்டாண்டு அமைதியானா வழக்கமான செவ்வாய்க்கிழமைன்னு நினைச்சுக்குவாங்க.

வாத்தியார் சொன்னதுல ஒண்ணை மட்டும் நான் ஏத்துக்கல. கடையை மூடிருவாங்கன்னு பயந்து வாயை மூடிக்கிட்டே இருந்தா 27 புள்ளிதான் நிரந்தரம். உள்ள போயி எதிர்க்கணும். இதுக்கு நல்ல மாதிரி ஜெர்மனில 2012. மைதானப் பாதுகாப்பு விதிகளை எதிர்த்து எல்லா ஊர் ஸ்டாண்டும் ஆட்டம் ஆரம்பிச்சு 12 நிமிஷம் 12 விநாடி வாயே திறக்கல. விதிகளை ஓட்டுக்கு விட்ட தேதி டிசம்பர் 12, அதான் கணக்கு. 13வது நிமிஷம் மொத்தமா வெடிச்சாங்க. டிவில எல்லாருக்கும் வித்தியாசம் கேட்டுச்சு.

நமக்கு 12 நிமிஷம் அதிகம், சின்ன ஸ்டாண்டுல கட்டுப்பாடு உடையும். 5 நிமிஷம் போதும். ஒரே கோரிக்கை, ஒரே பேனர். "நிர்வாகமே வெளியேறு" மாதிரி எழுதாதீங்க, அதுக்குப் பதிலே வராது. "இளம் வீரர் ஒப்பந்த நிலை என்ன?" மாதிரி, பதில் சொல்லித்தான் ஆகணும்ங்கிற கேள்வியா இருக்கணும். ஆட்டத்துக்கு நாலு நாள் முன்னாடியே அதே கேள்வியைக் கடிதமாவும் அனுப்பிடுங்க, ரசீது வாங்கிக்குங்க.

#9 சௌகார்பேட்டை_தூரிகை

பேனர் பேச்சு வந்தாச்சு, என் ஏரியா. கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

எழுத்து அளவு முதல்ல. எதிர் ஸ்டாண்டு 170 மீட்டர்னு வெச்சுக்குங்க. ஓடுபாதை இருக்கிற மைதானம், தூரம் கூடுதல்தான். இங்கிலீஷ் பெரிய எழுத்துன்னா 50 செ.மீ. உயரம் இருந்தா படிக்கலாம். தமிழுக்கு அது பத்தாது. புள்ளி, கொம்பு, சுழி எல்லாம் தூரத்துல அடைச்சுக்கும். ண, ன ரெண்டும் ஒண்ணாத் தெரியும். குறைஞ்சது 80 செ.மீ., கோட்டு அகலம் 12 லேர்ந்து 15 செ.மீ. அதனால நாலு சொல்லுக்கு மேல போகாதீங்க.

இப்போ டிஃபோ. எல்லாரும் பண்ற தப்பு, கூட்டம் நிறைஞ்ச காலத்து அளவுலயே துணி எடுக்கிறது. 12க்கு 8 மீட்டர் துணின்னா அதுக்குக் கீழ எத்தனை பேர் வேணும்? சீட்டு அரை மீட்டர்னா வரிசைக்கு 24 பேர். படி 80 செ.மீ. ஆழம்னா 10 வரிசை. மொத்தம் 240 பேர். நம்ம பிளாக்குல 120 பேர்தான் நிக்கிறாங்கன்னா துணி நடுவுல தொங்கிப் படமே தெரியாது. அந்தப் புகைப்படம் நெட்டுல சுத்தும், கேலிக்கு.

இப்போதைக்கு 9க்கு 5 மீட்டர் போதும். 18 பேர், 6 வரிசை, 108 பேர். 60 இஞ்ச் அகலக் காடா துணி, அதாவது ஒன்றரை மீட்டர். 5 மீட்டர் நீளத்துல ஆறு பட்டை, மொத்தம் 30 மீட்டர். ஓரம் மடிக்க, தையல்ல போறதுக்குச் சேர்த்து 32 மீட்டர் வாங்குங்க. தையல் இரட்டைத் தையலா, தட்டையா இருக்கணும். ஒத்தைத் தையல் இழுக்கும்போது பொளந்துக்கும்.

நீலம் அடிக்கிறோம்னு வெள்ளைத் துணி வாங்கி, வெள்ளை டிஸ்டெம்பர்ல ஸ்டெய்னரை (நிறம் ஏத்துற திரவம்) ஊத்துறாங்க. ஸ்டெய்னர் ஒரு அளவுக்கு மேல, சுமார் 5 சதவீதத்துக்கு மேல சேர்த்தா காய்ஞ்ச பிறகும் கையில ஒட்டும், மழைல வடியும். அந்த அளவுக்குள்ள நிறுத்தினா ஆகாய நீலம்தான் கிடைக்கும், நம்ம நீலம் வராது. வழி: சாயம் போட்ட நீலத் துணியையே வாங்கிடுங்க. படம், எழுத்துக்கு மட்டும் வெள்ளை எமல்ஷன். பரப்புல 40 சதவீதம் பெயிண்ட்னா 18 சதுர மீட்டர். ப்ரைமர் இல்லாத காடா பெயிண்டைக் குடிக்கும், லிட்டருக்கு 5, 6 சதுர மீட்டர்தான். நாலு லிட்டர் டப்பா ஒண்ணு சரியா இருக்கும்.

படத்தை 1:20 அளவுல வரைஞ்சுக்குங்க. பேப்பர்ல 5 செ.மீ. துணில ஒரு மீட்டர். சுண்ணாம்பு நூலால கட்டம் அடிச்சு, கட்டம் கட்டமா மாத்துங்க. ஓரக்கோட்டைத் தண்ணி கலக்காத பெயிண்டால முதல்ல போட்டுக் காய வைங்க. உள்ள நிரப்புறதுக்கு மட்டும் தண்ணி கலக்கலாம். ஓரமே தண்ணியா இருந்தா நூல் வழியாக் கசிஞ்சு எழுத்துக்கு மீசை முளைச்ச மாதிரி ஆயிடும். துணிக்கு அடியில பாலிதீன் ஷீட் விரிங்க. செய்தித்தாள் போட்டா துணியோடவே ஒட்டிக்கும், பிரிக்கிறதுக்குள்ள உயிர் போயிடும்.

வெயில் காலத்துல நாலு மணி நேரத்துல காயும். நவம்பர், டிசம்பர் ஈரத்துல ராத்திரி முழுக்க விடணும், ஃபேன் போட்டு. காய்ஞ்ச மாதிரி தெரியும், மடிச்சு வெச்சா மறுநாள் முகம் முகத்தோட ஒட்டியிருக்கும். அதனால பெயிண்ட் வேலை ஆட்டத்துக்கு ரெண்டு நாள் முன்னாடியே முடியணும்.

மடிக்கிறது புடவைக் கொசுவம் மாதிரி, கீழ் ஓரத்துலேர்ந்து மேல. மேல் ஓரம் கடைசியா மேலாக வரணும், அதைப் பிடிச்சு வரிசை வரிசையா மேல ஏத்துவோம். மேல் ஓரத்துல ஒரு மீட்டருக்கு ஒரு நாடா தைச்சிடுங்க, இல்லன்னா பத்து பேர் துணியையே இழுத்து நடுவுல கிழிப்பாங்க. தூக்கிப் பிடிக்கிறது 60 லேர்ந்து 90 விநாடி. அதுக்கு மேல கை வலிக்கும், பின்னாடி நிக்கிறவன் ஆட்டம் தெரியலன்னு கத்துவான்.

#10 புதுசா_வந்தவன்

எடை? மழை வந்தா? உள்ள விடுவாங்களா?

#11 சௌகார்பேட்டை_தூரிகை

காடா சதுர மீட்டருக்குச் சுமார் 120 கிராம். 45 சதுர மீட்டருக்கு ஐந்தரை கிலோ, காய்ஞ்ச பெயிண்டோட எட்டு கிலோ. நனைஞ்சா ரெட்டிப்பு. கூரை இருக்கிற பகுதிலதான் விரிப்போம்னாலும் கொண்டு வரும்போதும் வெளில வரிசைல நிக்கும்போதும் நனையும். பெரிய கறுப்புக் குப்பைப் பை ரெண்டு, ஒண்ணுக்குள்ள ஒண்ணு. பாலியஸ்டர் லைனிங் துணி பாதி எடைதான், ஆனா சாதா எமல்ஷன் அதுல உரிஞ்சு உதிரும். வெறும் கொடிக்கு அது ஓகே.

அனுமதியை ஆட்டம் அன்னிக்குக் கேட்டில் கேக்காதீங்க. கிளப்போட ஆட்டநாள் பொறுப்பாளருக்கு முன்கூட்டியே எழுதுங்க: அளவு, துணி வகை, படத்தோட ஃபோட்டோ, எந்தப் பிளாக், எந்த நிமிஷம், பொறுப்பாளர் ரெண்டு பேர். பதிலைப் பிரிண்ட் எடுத்துக் கையில வெச்சிருங்க. கேட்டுல நிக்கிற காவலருக்குக் கிளப்போட ஈமெயில் தெரியாது, பேப்பர்தான் தெரியும். கொடிக்குக் கட்டைக் கம்பு வேணாம், மெல்லிய பிவிசி குழாய். அதுவும் மைதானத்தைப் பொறுத்துத் தடுப்பாங்க. அப்பவும் வாக்குவாதம் பண்ணாம குழாயை உருவிட்டுக் கொடியை மட்டும் கொண்டு போங்க.

#12 பறை_அண்ணாநகர்

மேளத்துக்கு வருவோம். தோல் பறை சத்தம் அருமைதான். ஆனா கடற்கரை ஊர், சாயங்காலம் ஈரக்காத்து. அரை மணி நேரத்துல தோல் தொய்ஞ்சு "டப்பு டப்பு"ன்னு ஆயிடும். வெளியில நெருப்பு மூட்டிக் காய்ச்சிக்கலாம், மைதானத்துக்குள்ள எங்க மூட்டுறது? ஃபைபர் பறை ரெண்டு, பேஸ் டிரம் ஒண்ணு, அதுதான் குறைஞ்ச செட். ஒருத்தர் 15 நிமிஷம் அடிச்சா மாத்திக்கணும். மாத்தாம விட்டா 60வது நிமிஷத்துக்கு மேல மணிக்கட்டு போய் அடி தாளம் தப்பும்.

வேகம். நிமிஷத்துக்கு 96 அடில ஆரம்பிக்கிற பாட்டு ரெண்டே நிமிஷத்துல 120க்கு ஓடிடும், உணர்ச்சிவசப்பட்டு. கை தட்டுறவங்களால 120ல ரொம்ப நேரம் தாக்குப்பிடிக்க முடியாது, பாட்டு உடையும். ஒருத்தர் காதுல மெட்ரோனோம் ஆப் போட்டுக்குங்க, மத்தவங்க அவர் கையைப் பாருங்க.

ரெண்டு ஸ்டாண்டும் மாறி மாறிக் குரல் கொடுக்கிற விஷயத்துல எல்லாரும் சொதப்புறது ஏன்னா, சத்தம் விநாடிக்கு சுமார் 340 மீட்டர். எதிர்ப் பக்கம் 170 மீட்டர்னா அரை விநாடி லேட்டாக் கேக்கும். 120 வேகத்துல அரை விநாடின்னா சரியா ஒரு அடி. காதுல கேட்டுத் தட்டுனா ஒரு அடி பிந்தும், அவங்க நம்மளைக் கேட்டு இன்னொரு அடி பிந்துவாங்க. காதை நம்பாதீங்க. இங்கிருந்து ஒரு பெரிய வெள்ளைக் கொடி கீழ இறங்குனா அங்க தட்டணும். கண்ணால பார்த்துச் செய்யறது மட்டும்தான் ஒண்ணா வரும்.

#13 கோல்போஸ்ட்_குமாரு

0-2ல கிடக்கும்போது என்ன பாடுறது? அப்பதானே பிரச்சனையே.

#14 பறை_அண்ணாநகர்

கோல் வாங்கினதும் பத்து விநாடிக்குள்ள மேளம் ஆரம்பிக்கணும். பாட்டு வேணாம், வெறும் தாளம். அந்த நேரத்துல வரி பாட யாருக்கும் தொண்டை வராது, கை தானா வரும். நாலு சுத்து தாளம் போனதும் கிளப் பேர் மட்டும். துள்ளல் பாட்டை எடுத்தா பொய்யாத் தெரியும். 80 வேகத்துல நிதானமா, நீளமா இழுக்கிற பாட்டு ஒண்ணு தனியா வெச்சுக்குங்க, தோத்துட்டு இருக்கும்போது மட்டும் பாடறதுக்கு.

தப்புப் பண்ணின வீரர் பேரை உடனே பாடாதீங்க. ஆறுதல்னு நாம நினைப்போம், அவருக்குக் கேலியாக் கேக்கும். அவர் அடுத்த பந்தைச் சரியா எடுத்த உடனே பாடுங்க, அப்ப சேரும்.

முன்னாடி நின்னு நடத்துறவர் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டித்தான் நிக்கணும். ஆட்டம் பார்க்கணும்னா அந்த வேலை வேணாம். ரெண்டு பேர், பாதிக்குப் பாதி.

#15 மான்செஸ்டர்_மடிப்பாக்கம்

இடைல நுழையறேன், மன்னிக்கணும். 20 தடவை லீக் ஜெயிச்ச எங்க யுனைடெட் 2024-25ல 42 புள்ளியோட 15வது. 1968ல ஐரோப்பியக் கோப்பை, ஆறே வருஷத்துல 1974ல கீழ் டிவிஷனுக்கு இறக்கம். பக்கத்து வீட்டு சிட்டி இன்னும் மேல: 1937ல சாம்பியன், 1938ல இறக்கம், அதுவும் அந்த சீசன்ல டிவிஷன்லயே அதிகக் கோல், 80, அடிச்சுட்டு. கப்பு ஜெயிச்ச அடுத்த வருஷமே அடியில கிடக்கிறதுக்கு நீங்க முன்னோடி இல்ல.

#16 வியாசை_விங்கர்

ஐஎஸ்எல்ல 2024-25 வரைக்கும் யாரையும் இறக்கல தலைவா. அதான் எங்க சிக்கலே. 1974க்கு அப்புறம் உங்களுக்கு ஒரு வருஷம் வெறி வந்து திரும்பி ஏறினீங்க. இங்க 11வது வந்தாலும் அடுத்த வருஷம் அதே மேடை. பயமே இல்லாததால அவசரமும் இல்ல.

#17 எழும்பூர்_வாத்தியார்

பணம் பற்றி யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன். அணி நன்றாக ஆடும்போது யாரும் கணக்குக் கேட்பதில்லை. தோற்கும்போது முதல் சண்டை துணிக் காசில்தான் வரும்.

ஒருவருடைய சொந்த யுபிஐக்குப் பணம் வாங்குவதை நிறுத்துங்கள். அவர் வேலைக்காக ஊர் மாறினால் கணக்கும் ஊர் மாறும். வங்கியிலும் கேள்வி வரும், வருமான வரிக் கணக்கிலும் விளக்க வேண்டியிருக்கும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். சங்க விதிகள், உறுப்பினர் பட்டியல், முகவரிச் சான்று, அதன் பிறகு சங்கத்தின் பெயரில் பான், வங்கிக் கணக்கு. காசோலைக்கு இருவர் கையெழுத்து. ஒவ்வோர் ஆட்டம் முடிந்த மறுநாள் வரவு செலவை ஒரு பக்கப் படமாகக் குழுவில் போடுங்கள். ஆண்டுக் கணக்கைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும், அதை மறந்து பதிவு செயலிழந்து போன சங்கங்கள் நிறைய உண்டு.

சந்தா பெரிய தொகையாக ஒரே தடவை வேண்டாம். அணி நாலு ஆட்டம் தோற்றதும் "என் காசைத் திருப்பிக் கொடு" என்பார்கள். ஆட்டத்துக்கு ஆட்டம் சின்னத் தொகை, அந்தந்த ஆட்டத்தின் செலவுக்கு மட்டும். குழுவாக டிக்கெட் எடுக்கும்போது ஒன்று கவனியுங்கள்: 500 ரூபாய் வரையான விளையாட்டு டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை, அதற்கு மேல் உண்டு. 499க்கும் 550க்கும் உண்மை வித்தியாசம் 51 ரூபாய் அல்ல.

#18 புதுசா_வந்தவன்

550ன்னு போட்டிருந்தா அதுலயே வரி சேர்ந்திருக்காதா சார்?

#19 எழும்பூர்_வாத்தியார்

ஆப் எப்படிக் காட்டுகிறது என்பதைப் பொறுத்தது. வரி தனியாக என்றால் 550க்கு மேல் இன்னும் கூடும். பணம் வசூலிக்கும் முன் கடைசித் திரை வரை போய்ப் பாருங்கள், சேவைக் கட்டணமும் அங்கேதான் தலைகாட்டும்.

#20 நீலக்கொடி_பெரியமேடு

வெளியூர் ஆட்டம் யாரும் எழுதலையே. பெங்களூருக்கு நான் போட்டுடுறேன். ரயில் முன்பதிவு இப்போ 60 நாள் முன்னாடிதான் திறக்குது. ஆட்ட அட்டவணை அதைவிட லேட்டாத்தான் நிறைய தடவை வரும், அதனால அட்டவணை வந்த அன்னிக்கே எடுத்தாகணும். ஒரு டிக்கெட்டுல ஆறு பேர். 24 பேர்னா நாலு ஆள் ஒரே நேரத்துல உக்காந்து போடணும். ஒருத்தரே வரிசையாப் போட்டா மூணாவது டிக்கெட்டுல வெயிட்டிங் லிஸ்ட் வந்துடும்.

ஸ்ரீகண்டீரவா மைதானத்துக்குக் கப்பன் பார்க் மெட்ரோ பக்கம். ராத்திரி 7:30 ஆட்டம்னா ஒன்பதரைக்கு முடியும். ஜெயிச்சுட்டா வெளியூர் ரசிகர்களை உடனே விட மாட்டாங்க, உள்ளூர்க் கூட்டம் கலையற வரைக்கும் நிறுத்தி வெப்பாங்க. அந்த அரை மணி நேரத்தைக் கணக்குல வெச்சு மைசூர்லேர்ந்து வர்ற காவேரி எக்ஸ்பிரஸைப் போடுங்க, அதுக்கு முந்தின வண்டியைப் போட்டா ஓட்டமா ஓடணும். ஜெர்சி மேல சாதாச் சட்டை ஒண்ணு. வம்புக்குப் பயந்து இல்ல, நள்ளிரவு பிளாட்ஃபார்ம்ல குளிரும்.

#21 வியாசை_விங்கர்

முதல் அணி ஆட்டம் இல்லாத வாரத்துக்கும் வேலை இருக்கு. ரிசர்வ் அணி, 21 வயசுக்குட்பட்டோர் டெவலப்மென்ட் லீக், சென்னை சீனியர் டிவிஷன் ஆட்டங்கள். அங்க இருபது பேர் கை தட்டினாலே பசங்களுக்குக் கேக்கும். ஓடுபாதை தூரம், எதிரொலி எதுவும் குறுக்க இல்ல. வியாசர்பாடிலேர்ந்து தனபால் கணேஷ் மாதிரி ஆட்கள் இந்தக் கிளப்புக்கு ஆடியிருக்காங்க. அடுத்தவன் யாருன்னு முதல்ல தெரிஞ்சுக்கிறது ஸ்டாண்டோட வேலைதான். ஒப்பந்தப் பட்டியல்னு மேல சொன்னேன்ல, அதுல பாதிப் பேரை இங்கதான் பாக்க முடியும்.

இன்னொண்ணு. தோத்த ராத்திரி வீரரோட இன்ஸ்டாவுல போய் எழுதுறது. அட்மின்கள் ஒரு விதி போடுங்க: குடும்பத்தை இழுத்தா அன்னிக்கே வெளில. பேச்சுவார்த்தை கிடையாது.

#22 கோல்போஸ்ட்_குமாரு

சரி, அடுத்த ஹோம் மேட்சுக்கு 9க்கு 5 டிஃபோ, "இளம் வீரர் ஒப்பந்தம்" பேனர், 5 நிமிஷ மௌனம். துணி வாங்க நான் ஞாயித்துக்கிழமை போறேன்.

#23 சௌகார்பேட்டை_தூரிகை

ஞாயித்துக்கிழமை கோவிந்தப்ப நாயக்கன் தெருல பாதிக் கடை பூட்டியிருக்கும். சனிக்கிழமை பதினொரு மணிக்கு மேல போங்க. சாயம் போட்ட காடா, 60 இஞ்ச்னு கேளுங்க. "48தான் இருக்கு, ஒண்ணும் வித்தியாசம் இல்ல"ம்பாங்க. வித்தியாசம் இருக்கு: ஆறு பட்டை எட்டாகும், தையல் அஞ்சு ஏழாகும், துணியும் எட்டு, பத்து மீட்டர் கூடும். ஒரு ஓரத்தைத் தண்ணில நனைச்சு வெள்ளைக் கைக்குட்டைல தேய்ச்சுப் பாருங்க. நீலம் ஒட்டுச்சுன்னா அந்தக் கடை வேணாம், அடுத்த கடை.